முழுமைத் திட்ட வரைவும் பகுதி சபையும்: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்பீடு

எங்கள் நகராட்சிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட முழுமைத் திட்டத்தின் வரைவைப் பார்ப்பதற்காக ஊர் வளர்ச்சியைத் திட்டமிடும் அரசு அமைப்பான உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை ஆட்சேபணை மனு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். திட்டம் ஒப்புதல் பெற்று வெளிவந்த பிறகு, என் மனு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நான்காம் முறையும் போனேன். இடைப்பட்ட காலத்தில் எங்கள் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் இரண்டில் உட்கார்ந்திருந்தேன். மக்களிடம் கருத்துக் கேட்பது என்பதும் அரசு நமக்குத் தரும் ஒரு சேவைதான் என்பதால், ரேஷன் கடையையோ பேருந்தையோ மதிப்பிடுவது போலவே இதையும் பயன்படுத்தியவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஊரின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் எழுதவில்லை. அங்கே பணிபுரியும் நாலைந்து பேரைக் குற்றவாளிகளாக்குவது என் நோக்கம் அன்று. அவர்களில் இருவர் எனக்கு நேரம் பார்க்காமல் உதவினார்கள்.

முழுமைத் திட்டம் என்பது என்ன என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது தொழிற்சாலைக்கு, எது விவசாயத்துக்கு என்று பிரித்து, வருங்காலச் சாலைகள், பூங்காக்கள், பேருந்து நிலையங்கள் ஆகியவற்றின் இடங்களையும் குறித்து, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு ஓர் ஊர் எப்படி வளர வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஆவணம் அது. அதைத் தயாரிக்கும் முறையைத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 வகுத்திருக்கிறது. வரைவுக்கு அரசின் முதல்கட்ட இசைவு கிடைத்தவுடன், அரசிதழிலும் அந்தப் பகுதியின் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்து மூலம் யார் வேண்டுமானாலும் தரலாம் என்று அழைக்க வேண்டும். அதற்குத் தரும் கால அவகாசம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. இது சட்டத்தின் 26-ஆம் பிரிவு. அந்த மனுக்களைப் பரிசீலித்த பிறகே வரைவு இறுதி ஒப்புதலுக்காக அரசுக்குப் போகும். நிலம் வைத்திருப்பவர் மட்டும்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரும், அந்தச் சாலையில் தள்ளுவண்டி போடுபவரும் எழுதலாம்.

இந்த வாய்ப்பு எவ்வளவு அரிதானது என்பதைப் பலர் உணர்வதில்லை. சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1970-களின் நடுவில் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில்தான் ஒப்புதல் பெற்றது. கோயம்புத்தூரில் 1994-ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு அடுத்தது வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒருவர் தம் வாழ்நாளில் தம் ஊரின் திட்டத்தைப் பற்றி இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறைதான் வாய் திறக்க முடியும். அந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த முறை நம் பிள்ளைகள்தான் போக வேண்டியிருக்கும்.

எனக்கு அந்த இரண்டு மாதத்தில் பத்தொன்பது நாள் கடந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அறிவிப்பு நாளிதழில் வந்திருந்தது. சட்டம் கேட்டதை அலுவலகம் செய்துவிட்டது. ஆனால் ஏலம், டெண்டர், காணாமல் போன பத்திரம் ஆகியவற்றுக்கான அறிவிப்புகளுக்கு நடுவே, அதே பொடி எழுத்தில், சட்டப் பிரிவின் எண்ணோடு தொடங்கி ஒரே வாக்கியமாகப் பதினைந்து வரி ஓடிய அந்த அறிவிப்பை, டீக்கடையில் ஒருவர் சிற்றுண்டி மடித்த தாளில் தற்செயலாகப் பார்த்து எனக்குச் சொன்னார். குடிநீர் வராத நாளைத் தெருத் தெருவாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும் நகராட்சி, இருபதாண்டுத் திட்டத்துக்கும் அதே ஆட்டோவை ஒரு நாள் அனுப்பியிருக்கலாம். திட்டப் பகுதியில் அடங்கிய ஊராட்சிகளுக்கோ இன்னும் எளிய வழி இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அந்த இரண்டு மாதத்துக்குள் எங்கள் பகுதியில் ஒரு கிராம சபை நடந்தது. வரைவைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் பேசப்படவில்லை என்று அதில் கலந்துகொண்ட மூவர் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்.

அலுவலகத்துக்குப் போனால் வரைபடத்தை மறுக்காமல் காட்டினார்கள். வரவேற்பறைச் சுவரில் கதவளவு உயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பள்ளி மருத்துவமனை போன்றவற்றுக்குச் சிவப்பு, விவசாயத்துக்குப் பச்சை என்று வண்ணம் பிரித்திருந்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் ஊரின் உருவம் தெளிவாகத் தெரிந்தது: பழைய ஊர் ஒரு முட்டை வடிவம், அதிலிருந்து நெடுஞ்சாலையோரமாக இரண்டு பக்கமும் நீண்ட நீலக் கோடுகள், தெற்கே பச்சை. நெருங்கிப் போனதும் சிக்கல் தொடங்கியது. புல எண்கள் எறும்பு வரிசை போல அச்சாகியிருந்தன. உட்பிரிவு எண்கள் இல்லை. தெருப் பெயர்கள் இல்லை. என் வீடு இருக்கும் இடத்தை ஏரிக்கரையின் வளைவை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அலுவலக உதவியாளர் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தார். மேசை இழுப்பறையிலிருந்து அவர் அதை எடுத்த வேகத்தைப் பார்த்தபோது, எனக்கு முன்னே பலர் அதைக் கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரியின் உபரி நீரைக் கொண்டுபோகும் வடிவாய்க்கால் ஒன்று இருக்கிறது. கோடையில் அதில் ஆடு மேயும். ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். வருவாய்த் துறை ஒவ்வொரு நிலத்தின் விவரத்தையும் எழுதி வைத்திருக்கும் அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு என்றே இருக்கிறது. வரைபடத்தில் அந்த இடம் இருபுறமும் மஞ்சள் சேர்ந்து ஒரே மஞ்சளாக இருந்தது. பெரிய வரைபடத்தில் பத்தடி வாய்க்கால் தெரியாமல் போவது இயற்கைதான் என்று அங்கிருந்த வரைவாளர் விளக்கினார். அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆயினும் நாளை அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மனைப்பிரிவுக்கு விண்ணப்பிக்கும்போது, வாய்க்கால் இருந்ததை நினைவூட்ட அங்கே யார் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

அன்று நான் பார்த்த இன்னொன்றை இங்கே சொல்ல வேண்டும். பக்கத்து ஊராட்சியிலிருந்து எழுபது வயது கடந்த ஒரு விவசாயி வந்திருந்தார். உத்தேசப் புறவழிச் சாலை ஒன்று பச்சை நிலத்தின் குறுக்கே புள்ளிக்கோடாக வரையப்பட்டிருந்தது. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கோடு அவர் கிணற்றுக்குக் கிழக்கே போகிறதா, மேற்கே போகிறதா? கையோடு தம் நிலத்தின் புல வரைபடத்தையும் கொண்டுவந்திருந்தார். "தம்பி, இதுல கிணறு போட்டிருக்கு பாருங்க. அதுல கோடு போட்டிருக்கு. ரெண்டையும் சேத்து வச்சுச் சொல்லிடுங்க" என்றார். வரைவாளர் இளைஞர், பொறுமையாக இரண்டையும் அருகருகே வைத்தார். புல வரைபடம் 1:2000 அளவில் இருந்தது. சுவரில் இருந்தது 1:20000. பெரியவரின் தாளில் ஒரு விரல் அகலம் இருந்த வயல் சுவரில் ஒரு கடுகளவு. அதைவிட முக்கியமான விஷயம், சுவரில் இருந்த சாலைக் கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் தரையில் அது இருபது மீட்டர். கிணறும் அதன் இரு கரையும், பக்கத்து வரப்பும் அந்தக் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். "இதுல சொல்ல முடியாதுங்க ஐயா, அளக்கும்போதுதான் தெரியும்" என்றார் வரைவாளர். "அளக்க வர்ற அன்னைக்கு நான் என்னத்தைத் தம்பி சொல்றது?" என்று பெரியவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அறையில் இருந்த யாரிடமும் பதில் இல்லை.

கருத்துக் கேட்பின் அடிப்படைக் குறை அதில் அடங்கியிருக்கிறது. ஊரின் பெருந்திட்டத்தைப் பற்றி மக்களிடம் கேட்கிறோம். மக்களோ தங்கள் புல எண்ணிலிருந்துதான் பேசத் தொடங்குவார்கள், அதுதான் நியாயமும் கூட. தமிழ்நாட்டில் பட்டாவும் புல வரைபடமும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் சில நொடிகளில் நம் நிலத்தின் எல்லைகள் திரையில் வருகின்றன. அதே புல எண்ணைக் கொடுத்தால் வரைவுத் திட்டத்தில் அந்த நிலத்துக்கு என்ன வண்ணம், அதன் மீது எந்த உத்தேசச் சாலை வருகிறது என்பதையும் காட்டுவது எட்டாத தொழில்நுட்பம் அன்று. எங்கள் ஊர் வரைவும் இணையத்தில் இருந்தது. ஆனால் ஒரே பெரிய படக்கோப்பாக இருந்ததால் கைபேசியில் இறங்கவே அரை மணி நேரம் ஆயிற்று. விரித்துப் பார்த்தால் எண்கள் கலங்கிப்போயின. பூதக்கண்ணாடி இருந்த அலுவலகச் சுவரே அதைவிட மேல்.

மொழியைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு; அதை மறைக்க விரும்பவில்லை. வரைவு அறிக்கை முந்நூறு பக்கத்துக்கு மேல், முழுவதும் ஆங்கிலத்தில். தமிழில் எட்டுப் பக்கச் சுருக்கம் இருந்தது. அதில் ஊரின் வரலாறும் மக்கள்தொகையும் இரண்டு பக்கம், திட்டத்தின் நோக்கங்கள் இரண்டு பக்கம், நிலப் பயன்பாட்டுப் பரப்பளவு அட்டவணை ஒரு பக்கம். எந்த மண்டலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்ற விதிகள், அதாவது ஒருவரின் வாழ்க்கையைத் தொடும் பகுதி, தமிழில் இல்லை. இதில் ஒரு முன்னுதாரணத்தை நினைவில் கொள்ள வேண்டும். 2020-இல் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை வெளியிட்டபோது, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்துச் சொல்வதற்கான காலத்தையும் நீட்டித்தது. புரியாத மொழியில் கேட்கப்படும் கேள்வி கேட்கப்படாததற்குச் சமம் என்பதே அதன் உட்பொருள் என்று நான் கொள்கிறேன். தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட மாநிலத்தில், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களின் நிலத்தைப் பற்றிய ஆவணத்துக்கு நீதிமன்ற உத்தரவு தேவைப்படக் கூடாது.

மனு எழுதுவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. ஒரே ஒரு கோரிக்கை: இன்ன புல எண்ணில் உள்ள வாய்க்கால் புறம்போக்கை வரைபடத்தில் நீர்வழியாகக் காட்ட வேண்டும். அதோடு அ-பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும், வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் எடுத்த இரண்டு புகைப்படங்களையும் இணைத்தேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, நான் கேட்டதும் என் நகலில் தேதியோடு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். தபால் எண்ணையும் பென்சிலால் எழுதித் தந்தார்கள். இந்த இடத்தில் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்; என்னை அலையவிடவில்லை, வரிசையில் நிற்கவைக்கவில்லை, கட்டணம் கேட்கவில்லை. விவசாயி தம் மனுவை வெளியே மரத்தடியில் மனு எழுதுபவரிடம் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

காலக்கெடு முடியும் முன் ஒரு திருமண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்தினார்கள். ஒரு வேலை நாளின் காலை பதினொரு மணிக்கு. கட்டுமானத் தொழில் செய்பவர்கள், மனை விற்பவர்கள், பொறியாளர்கள், சங்க நிர்வாகிகள் ஆகியோரே பெரும்பாலும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அதுவே வேலை நேரம். அவர்கள் கேட்ட கேள்விகள் பலவும் தகுதியானவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் காய்கறிச் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றும் உத்தேசத்தைப் பற்றிப் பேச, சந்தையில் கடை வைத்திருக்கும் பெண்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அதே கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சந்தைத் திடலிலேயே போட்டிருந்தால் நாற்காலி போதாமல் போயிருக்கும்.

அந்தப் பெண்களின் குரலை நான் கேட்டது பகுதி சபையில். ஏரியா சபை என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்து, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வழி செய்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்குமான விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, முதல் கூட்டங்கள் நடந்தன; தாம்பரம் மாநகராட்சியின் பம்மல் பகுதியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். கிராமத்தில் இருப்பவருக்கு நெடுநாளாக இருந்த ஓர் உரிமை நகரத்தில் இருப்பவருக்கும் கிடைத்ததை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன். முனிசிபாலிட்டி என்றால் வரி கட்டும் இடம் என்று மட்டும் அறிந்திருந்த என் தெருக்காரர்கள், அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து கவுன்சிலரிடமும் அதிகாரிகளிடமும் நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள்.

நான் போன முதல் கூட்டத்தில் தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, நாய்த் தொல்லை, குப்பை வண்டி வரும் நேரம் என்றே பேச்சு ஓடியது. இவை எல்லாமே நியாயமான குறைகள். பலவற்றுக்கு அங்கேயே தேதி சொன்னார்கள். இடையில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா எழுந்து, "சந்தைய வெளியில கொண்டுபோறாங்களாமே, அங்க காலையில நாலு மணிக்கு எந்த பஸ்ஸு வரும்?" என்று கேட்டார். முந்நூறு பக்க அறிக்கையில் சந்தை இடமாற்றத்துக்கு எழுதப்பட்டிருந்த காரணங்கள் எல்லாவற்றையும் விட எனக்கு அந்தக் கேள்வி கனமாகத் தெரிந்தது. அது வேறு அலுவலகத்தின் விஷயம், இங்கே பதிய முடியாது என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். திட்டக் குழுமம் வேறு, நகராட்சி வேறு. ஆனால் ஊர் ஒன்றுதான். முழுமைத் திட்ட வரைவு வெளியில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொரு பகுதி சபையும், கிராம சபையும் அதை ஒரு பொருளாக எடுத்துப் பேசி, பேசியதைத் தீர்மானமாக எழுதித் திட்டக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சிறு விதி இருந்தால், திருமண மண்டபக் கூட்டம் தேவையே இல்லை.

கட்டட விதித் திருத்தங்களின் நிலைமை இதைவிடப் பின்தங்கியது. முழுமைத் திட்டம் இருபதாண்டுக்கு ஒரு முறை வருவது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 அடிக்கடி திருத்தப்படுகிறது. உயரமற்ற கட்டடங்களில் ஒரு பிரிவுக்கான உயர வரம்பு 2024-இல் 12 மீட்டரிலிருந்து 14 மீட்டராக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி பெறும் முறை வந்தது. சிறு வீடு கட்டுபவர்களுக்கு இரண்டாவது மாற்றம் பெரிய நிம்மதி; என் தங்கை மகன் அதனால்தான் ஒரே மாதத்தில் அடித்தளம் போட முடிந்தது. ஆனால் நான் இவற்றைத் தெரிந்துகொண்டது ஒரு பொறியாளர் சொல்லித்தான். ஒன்றிய அரசு 2014-இல் வகுத்த கொள்கை ஒன்று, சட்ட வரைவுகளைக் குறைந்தது முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பும் தர வேண்டும் என்கிறது. பக்கத்து வீட்டின் சுவர் நம் சன்னலுக்கு எவ்வளவு அருகில் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதிக்கும் அப்படி ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒவ்வொரு நகராட்சிப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும்.

இனி, திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகு நடந்தது. மனு கொடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கடிதம் ஏதும் வரவில்லை. நாளிதழில் ஒப்புதல் செய்தியைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். அதே சுவர், புதிய வரைபடம். உதவியாளர் கேட்காமலேயே பூதக்கண்ணாடியை நீட்டினார். ஏரிக்கரை வளைவைப் பிடித்து, என் தெருவுக்கு வந்து, பின்பக்கம் பார்த்தேன். மஞ்சளுக்கு நடுவே மெல்லிய நீலக் கோடு ஒன்று ஏரியிலிருந்து கிளம்பி ஊருக்குத் தெற்கே ஆறு வரை ஓடியது. என் தெருவுக்குப் பின்னால் மட்டுமன்று, வாய்க்காலின் முழு நீளத்தையும் வரைந்திருந்தார்கள். யாரோ ஒருவர் என் மனுவைப் படித்து, பதிவேட்டைச் சரிபார்த்து, நான் கேட்டதற்கும் மேலே செய்திருக்கிறார். அந்த இடத்தில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. யாருக்கு நன்றி சொல்வதென்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் இந்தச் சேவையின் மிகப் பெரிய குறையாக நான் எழுதுவது பதில் இல்லாமையை. என் கோரிக்கை ஏற்கப்பட்டது என்ற ஒரு வரி என் முகவரிக்கு வந்திருந்தால், அதை என் தெருவில் இருபது பேருக்குக் காட்டியிருப்பேன். அடுத்த முறை அவர்களில் ஐந்து பேராவது மனு எழுதியிருப்பார்கள். பதில் வராததால், மனு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அவர்கள் சொல்லி வந்ததே உண்மை என்று நிலைத்துவிட்டது. ஏற்கப்பட்ட மனுவுக்கே இந்தக் கதி என்றால் மறுக்கப்பட்டதற்குக் கேட்க வேண்டியதில்லை. இது அலுவலகத்தின் கருணையைப் பொறுத்த விஷயமும் அன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்படுவோருக்குத் தாமாகவே தெரிவிக்க வேண்டும் என்று 4-ஆம் பிரிவிலேயே சொல்கிறது. வந்த மனுக்கள் இத்தனை, ஒவ்வொன்றின் கோரிக்கை இது, முடிவு இது, காரணம் இது என்று நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையைத் திட்டத்தோடு சேர்த்து வெளியிட்டால் போதும். ஒருவர் ஒரு வாரத்தில் தயாரித்துவிடலாம், ஏனென்றால் பரிசீலனைக்காக அவர்கள் இதே விவரங்களை எப்படியும் தொகுத்துத்தான் இருப்பார்கள்.

மதிப்பெண் கேட்டால், மனுவைப் பெற்றுக்கொண்ட விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து, அறிவிப்புக்கு ஒன்று, வரைபடத்துக்கு இரண்டு, மொழிக்கு ஒன்று, பகுதி சபைக்கு மூன்றரை கொடுப்பேன். பதிலுக்குக் கொடுக்க மதிப்பெண் எதுவும் என்னிடம் இல்லை. ஆயினும் பயன்படுத்துங்கள் என்றே சொல்வேன். போகும்போது பட்டா, புல வரைபடம், அ-பதிவேட்டு நகல் மூன்றையும் கையில் கொண்டுபோங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். புல எண்ணை முதல் வரியிலேயே போடுங்கள். வண்ணம் என்னவென்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த வண்ணத்தில் அனுமதிக்கப்படும் பயன்பாடுகளின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். இறுதித் திட்டம் வந்ததும் மறக்காமல் போய்ப் பாருங்கள், ஏனென்றால் முடிவு தானாக உங்களைத் தேடி வராது.

அன்று திரும்பும் வழியில் அந்த விவசாயியின் வீட்டுக்குப் போனேன். இறுதி வரைபடத்தில் அவர் பகுதியை மட்டும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தம் வயல் இருக்கும் இடத்தை என்னை விட வேகமாகக் கண்டுபிடித்துவிட்டார். புள்ளிக்கோடு கொஞ்சம் நகர்ந்தது போலவும் இருந்தது, நகராதது போலவும் இருந்தது. தடிமன் மட்டும் அப்படியே இருந்தது. "கிழக்கா மேற்கா?" என்று மறுபடியும் கேட்டார். உத்தேசச் சாலை எந்தெந்தப் புல எண்கள், உட்பிரிவுகள் வழியாகப் போகிறது என்ற பட்டியலையும், அவர் கொடுத்த ஆட்சேபணையின் மீது எடுக்கப்பட்ட முடிவின் நகலையும் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனுவை அங்கேயே எழுதினோம். நான் எழுதினேன், அவர் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார், புல எண்ணை மட்டும் தம் கையால் எழுதினார். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை அவர் பேத்தி ஒட்டினாள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.